முதல் பட்டதாரிச் சான்றிதழ்

வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் அரசு அலுவலகத்தில் சொற்பொழிவு ஆற்றியிருக்கிறேன். அதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

ப்ளஸ் டூ முடித்த எனக்கு, கவுன்சிலிங்கில் கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. எங்கள் மலைக்கிராமமான பூண்டியில் எங்களுக்கிருந்த ஒரு ஏக்கர் வெள்ளைப்பூண்டில் பாதி அந்த வருஷ மழையில் அழுகிவிட்டது. ஃபீஸ் கட்டக் கடைசி நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் கல்விக்கடன், உதவித்தொகை என்று தேடித் தேடி இருந்த தெளிவும் போயிற்று. ஒன்று மட்டும் பிடிபட்டது: குடும்பத்தில் யாருமே பட்டம் வாங்கவில்லையென்றால், முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்கிக் கட்டணச் சலுகை பெறலாம். எங்களைவிடப் பொருத்தமான குடும்பம் உண்டா? (அப்பா எட்டாவது. கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை.)

அப்பா, அம்மா, நான் மூவரும் வெள்ளனே பஸ் பிடித்துக் கொடைக்கானல் தாலுகா அலுவலகம் போனோம். வழி முழுக்க அம்மா பேசவில்லை. மலைவளைவு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

வீட்டில் யாராவது டிகிரி முடித்திருக்கிறார்களா என்று அங்கிருந்த பெண் அதிகாரி கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். நான் பதற்றத்தில் தாத்தாவின் கைநாட்டிலிருந்து ஆரம்பித்து, எங்கள் வம்சத்துக்கும் படிப்புக்கும் ஆகவே ஆகாது என்றேன். (அறியாமையையும் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் சோலி வெரசா முடியும் என்று ஒரு நினைப்பு.) அம்மாவைக் காட்டி, "இவங்க பன்னெண்டாவது படிச்சதே சும்மா பேருக்குத்தாங்க" என்றேன்.

அதிகாரி உறுதிமொழிப் படிவத்தை நீட்டினார். அப்பா கையெழுத்துப் போட்டார். அம்மா அதை முழுசாக வாசித்தாள். பிறகு பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

"இதுல நான் கையெழுத்துப் போட முடியாதுங்க. நான் பி.ஏ. வரலாறு முடிச்சிருக்கேன்."

வேறு யாராவது பேசினார்களா என்று அப்பா பின்னால் திரும்பிப் பார்த்தார்.

அஞ்சல் வழியில் படித்திருக்கிறாள். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, வருஷா வருஷம் பண்ணைக்காட்டில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பரீட்சை எழுதியிருக்கிறாள். சான்றிதழ் மாமா வீட்டுப் பீரோவில் கெடக்காம்.

ஏன் சொல்லவில்லை என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

"பெயிலாயிட்டா சிரிப்பீங்கன்னு சொல்லல. பாஸான பெறகு எப்பிடி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

சலுகை போயிற்று. வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். ஃபீஸுக்காகவா, நான் சொன்ன வார்த்தைக்காகவா என்று இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அழுது முடிக்கும்வரை பக்கத்தில் நின்ற அம்மா, பேங்குக்குப் போவோம் என்றாள்.

மேலாளர் கல்விக்கடன் பற்றிச் சொன்னதற்கெல்லாம் நானும் அப்பாவும் தலையாட்டினோம். அம்மாதான் கேள்வி கேட்டாள். படிக்கிற காலத்துக்கும் வட்டி ஏறுமா? ஏறுமாம். எங்களைப் போன்றவர்களுக்கு? வருமானம் குறைந்த குடும்பமென்றால் அந்த வட்டிக்கு அரசு மானியம் உண்டாம், வருமானச் சான்றிதழோடு தனியாக விண்ணப்பிக்க வேண்டுமாம். கேட்ட பிறகுதான் அவரும் சொன்னார். கடைசி நாளுக்கு முந்தின நாள் கடன் கைக்கு வந்தது.

நான் வேலைக்குப் போய், கடனும் தீர்ந்து, கல்யாணம் கூடிவந்தபோது, பத்திரிகை அடிக்கிற இடத்துக்கு அப்பாவே நேரில் போனார். வந்த பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் பி.இ. பொடி எழுத்தில் இருந்தது. அம்மா பெயருக்குப் பின்னால் பி.ஏ., கொட்டை எழுத்தில், தங்க நிறத்தில்.

ஏன் இப்படி என்று கேட்டேன்.

"நீ ரெண்டாவது பட்டதாரிதானத்தா" என்றார்.

சொந்தக்காரர்கள் இன்றைக்கும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.