டாக்ஸ் கட்டாத காசு

இதை நான் சரியாச் சொல்லுவேனான்னு எனக்கே தெரியல. எங்க வீட்டுல நான் எதைச் சொல்ல ஆரம்பிச்சாலும், மக ஷெரின் பாதியிலேயே "அம்மா, தட்ஸ் நாட் வாட் ஹாப்பண்ட்"ம்பா. அவ காலேஜுக்குப் போயிருக்கா. அதனால தைரியமா எழுதறேன். தப்பா இருந்தா திருத்தாதீங்க. இதுவரைக்கும் பட்டதே போதும்.

போன டிசம்பர்ல ஒருநாள் மருந்துக்கடைக்குப் போக வேண்டியிருந்துச்சு. அவ்வளவுதான் வேலை.

காலையில இவர் ஆபீஸ் கிளம்பும்போது ஒரு கார்டை நீட்டினாரு.

"ஏட்டி கிரேஸ், உன் பல்லுக்கு ரூட் கேனால் பண்ணணும்னு ஒதுக்கி வச்ச காசு இதுல இருக்கு. பல்லு தானாச் சரியாயிட்டு. வருஷம் முடியறதுக்குள்ள செலவழிக்கலன்னா மொத்தமும் போயிரும்."

"போயிருமா? யாரு எடுத்துப்பா?"

"அதெல்லாம் இப்ப சொல்ல நேரமில்ல. மருந்துக்கடைக்குப் போ. மருந்து, மாத்திரை, பேண்டேஜுன்னு வாங்கு. கண்டதையும் வாங்காத, இது டாக்ஸ் கட்டாத காசு. வேற எங்கயாவது நீட்டுன, மாட்டிக்கும்."

சொல்லிட்டுக் கார்ல ஏறிப் போயிட்டாரு.

நான் கார்டைப் பிடிச்சுக்கிட்டு வாசல்லயே நிக்கேன். டாக்ஸ் கட்டாத காசு! மாட்டிக்கும்!

நம்ம ஊர்ல அதுக்குப் பேரு என்ன? கறுப்புப் பணம்!

வேற சமயமா இருந்தா இவரை நாலு கேள்வி கேட்டிருப்பேன். ஆனா அடுத்த வாரம் எங்க ரெண்டு பேருக்கும் சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ. கிரீன் கார்டுக்குக் காத்துக் கிடந்து, அதுக்கப்புறமும் காத்துக் கிடந்து, இப்பதான் கூப்பிட்டிருக்காங்க. நான் ஒன்பதாங் கிளாஸோட நின்னவ. சமைக்கும்போதும் குளிக்கும்போதும் கேள்வி பதிலை மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருக்கேன். அதுல ஒரு கேள்வியே இதுதான்: டாக்ஸ் பாக்கி ஏதாவது இருக்கா?

இத்தனை நாளா "நோ சார்"னு சந்தோஷமாச் சொல்லிப் பாத்த கேள்வி அது!

இவருக்கு போன் போட்டுக் கேட்டிருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. இந்த விஷயத்தையெல்லாம் போன்ல பேசுவாங்களா? யாராவது ஒட்டுக் கேட்டா?

செலவழிக்கலன்னா காசு போயிரும். செலவழிச்சு மாட்டினா நாங்க போயிருவோம். கொஞ்ச நேரம் யோசிச்சேன். ரூட் கேனால் காசு சின்னக் காசு இல்ல. கூலிங் கிளாஸ், முகத்துக்கு மாஸ்க், தலைக்கு ஷெரினோட தொப்பி, எல்லாத்தையும் மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

வழியில ஒரு போலீஸ் கார் பின்னாடியே வந்துச்சு. நான் மெதுவாப் போனேன். அதுவும் மெதுவா வந்துச்சு. கடைசியில என்னைத் தாண்டிப் போகும்போது அந்தப் போலீஸ்காரர் என்னை ஒரு பார்வை பாத்தாரு. ஆமை வேகத்துல போறவளை வேற எப்படிப் பாப்பாங்கன்னு இப்ப தோணுது. அப்ப தோணல.

கடைக்குள்ள போனா அடுத்த அதிர்ச்சி. அலமாரியில சில சாமானுக்குக் கீழ மட்டும் சின்னச் சீட்டு ஒட்டியிருக்கு. கார்டுல இருந்த அதே மூணு எழுத்து. எஃப்.எஸ்.ஏ!

டாக்ஸ் கட்டாதவங்களுக்குன்னு பகிரங்கமா சீட்டே ஒட்டி வச்சிருக்கானே! என்ன தைரியம்! கடைக்காரனும் இதுக்கு உடந்தையா?

சாமான் அடுக்கிக்கிட்டு இருந்த பையன் "கேன் ஐ ஹெல்ப் யூ?"ன்னான். எனக்கு எல்லாம் தெரியும்ங்கற மாதிரி மெதுவாத் தலையை ஆட்டினேன். அவன் அடுத்த வரிசைக்குப் போயிட்டான்.

சீக்கிரம் முடிச்சுட்டு ஓடணும். சீட்டு ஒட்டினதா பாத்து பாத்துத் தள்ளுவண்டியில போட்டேன். பிரஷர் பாக்குற மெஷின், தெர்மாமீட்டர், முழங்காலுக்கு உறை, பேண்டேஜ், கண் சொட்டு, வெயிலுக்குப் பூசற கிரீம். என் நிறத்துக்கு அந்தக் கிரீம் எதுக்கு? அதெல்லாம் யாரு பாத்தா! சின்னதா ஒரு டப்பா இருந்துச்சு. சீட்டு இருந்துச்சு. அதையும் போட்டேன். ஷெரின் லீவுக்கு வருவாளேன்னு ஒரு சாக்லேட் பாக்கெட்டும் எடுத்தேன்.

திரும்பினா, ஸ்டெல்லா அக்கா!

எங்க சர்ச்சுல ஜெபக் குழுவை நடத்தறவங்க. நல்லவங்கதான். ஆனா அவங்க காதுல ஒண்ணு விழுந்தா, அது எங்க ஆலன் ஊர் முழுக்க விழுந்த மாதிரி.

"யாரு, கிரேஸா? என்னம்மா இது கோலம்? மாஸ்க், தொப்பி..." சொல்லிக்கிட்டே வண்டியைப் பாத்தாங்க. அவங்க முகம் மாறிப்போச்சு. "ஐயோ, யாருக்கும்மா இவ்வளவும்?"

டாக்ஸ் கட்டாத காசுன்னு சொல்ல முடியுமா?

"அவருக்குத்தான்க்கா."

"என்ன செய்யுது?"

"எல்லாமே செய்யுதுக்கா."

அக்கா ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தாங்க. "பிரஷரா! காய்ச்சலுமா! முழங்கால் வேறயா!" கடைசியா அந்தச் சின்ன டப்பாவை எடுத்தாங்க. படிச்சாங்க. என்னைப் பாத்தாங்க. மறுபடியும் படிச்சாங்க.

"கிரேஸ், இதுவும் அவருக்கா?"

அப்பதான் நானும் படிச்சேன். அது கர்ப்பமா இருக்கான்னு வீட்டுலயே பாக்குற டெஸ்ட்டு.

அக்கா என் கையை இறுகப் பிடிச்சாங்க. "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. நாங்க ஜெபத்துல வச்சுக்கறோம்"னு வேகமா நடந்தாங்க. நடக்கும்போதே போனை எடுத்துட்டாங்க.

பில் போடற இடத்துக்கு வந்தேன். அந்தப் பொண்ணு ஒவ்வொண்ணாத் தட்டினா. கார்டைச் சொருகினேன். மெஷின் யோசிச்சுது.

"டு யூ ஹேவ் அனதர் கார்ட், மேம்? இட் டுக் எவ்ரிதிங் எக்ஸெப்ட் த சாக்லேட்."

சாக்லேட்டை மட்டும் விட்டுடுச்சாம்! மருந்து எது, சாக்லேட் எதுன்னு அந்தக் கார்டுக்கு எப்படித் தெரியும்? அப்ப யாரோ எங்கிருந்தோ பாத்துக்கிட்டே இருக்கான்!

"நோ சாக்லேட்! ஐ டோன்ட் ஈட் சாக்லேட்!"னு கத்திட்டேன். வரிசையில நின்னவங்க எல்லாரும் என்னைப் பாத்தாங்க. பையைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டேன்.

வீட்டுக்கு வந்து பையைத் துணி துவைக்கிற மெஷினுக்குள்ள ஒளிச்சு வச்சேன். சாயங்காலம் காலிங் பெல் அடிச்சுது. போலீஸ்தான்னு நினைச்சேன்.

ஜெபக் குழு!

ஸ்டெல்லா அக்கா, அவங்க வீட்டுக்காரர் டேவிட் அண்ணன், பின்னாடி இன்னும் ஒரு கூட்டம். கையில ரசம், இட்லி, ரொட்டி. ஆம்பளைங்க எல்லாம் துக்க முகத்தோட வந்தாங்க. பொம்பளைங்க என் வயித்தைப் பாத்துக்கிட்டே வந்தாங்க.

"இவ்வளவு வருஷம் கழிச்சு! கர்த்தர் நினைச்சா எதுவும் நடக்கும்"னு ஒரு ஆன்ட்டி என் கன்னத்தைத் தடவினாங்க.

அக்கா கண்ணை மூடி ஆரம்பிச்சுட்டாங்க. "ஆண்டவரே, இந்தச் சகோதரனுடைய பிரஷரையும், காய்ச்சலையும், முழங்காலையும், இந்தச் சகோதரியினுடைய... காரியத்தையும் உம்முடைய கரத்துல ஒப்புக்கொடுக்கிறோம்."

அந்த நேரம் பாத்துக் கதவைத் திறந்துக்கிட்டு இவர் வராரு. ஆபீஸ் முடிஞ்சு ஷட்டில் ஆடிட்டு, அரை டிராயர், கையில ராக்கெட். குதிச்சுக் குதிச்சு உள்ள வந்தவர் அப்படியே நின்னுட்டாரு.

"என்ன காரியம்?"

எல்லாரும் அவர் முழங்காலைப் பாக்கறாங்க.

அதுக்கு மேல என்னால முடியல. ஓன்னு அழுதுட்டேன். "என்னை மன்னிச்சிருங்க! டாக்ஸ் கட்டாத காசைச் செலவு பண்ணிட்டேன்! ஸ்டெல்லா அக்கா பாத்துட்டாங்க, அந்தக் கார்டு கூட என்னைப் பாத்துட்டு! இன்டர்வியூ போச்சு! உங்களுக்கும் சேத்துப் போச்சு!"

ரசம் வச்சிருந்த ஆன்ட்டி பாத்திரத்தைக் கீழ வச்சாங்க.

டேவிட் அண்ணன் மெதுவாக் கேட்டாரு. "எந்தக் கார்டும்மா?"

காட்டினேன். அவர் தன் பர்ஸைத் திறந்து அதே மாதிரி ஒரு கார்டை எடுத்தாரு. பக்கத்துல இருந்தவரும் எடுத்தாரு. அதுக்குப் பக்கத்துல இருந்தவரும். ரசம் கொண்டு வந்த ஆன்ட்டியும் கைப்பையிலிருந்து ஒண்ணை எடுத்தாங்க.

எனக்குத் தலை சுத்திருச்சு. "ஆண்டவரே, சபையே இப்படியா!"

சிரிச்சாங்க பாருங்க! டேவிட் அண்ணன் சோபாவிலிருந்து சறுக்கிக் கீழயே உக்காந்துட்டாரு. இவர்தான் சிரிப்பை அடக்கிக்கிட்டு விளக்கினாரு. "ஏட்டி, சம்பளத்துல டாக்ஸ் பிடிக்கறதுக்கு முன்னாடியே, வைத்தியச் செலவுக்குன்னு கொஞ்சம் ஒதுக்கிக்கலாம். அதுக்குப் பேருதான் எஃப்.எஸ்.ஏ. அந்தக் காசுக்கு டாக்ஸ் கிடையாது. கவர்மென்டே கொடுத்த சலுகை."

"அப்ப மாட்டிக்கும்னு சொன்னீங்களே?"

"மருந்து தவிர வேற எதுக்கு நீட்டினாலும் கார்டு மாட்டிக்கும்னேன். உன்னையா சொன்னேன்?"

"சரி, அந்தச் சின்ன டப்பா?"ன்னு ஸ்டெல்லா அக்கா விடாமக் கேட்டாங்க.

இவர் என் பக்கம் திரும்பினாரு. "எந்தச் சின்ன டப்பா?"

அதுக்கு நான் என்ன பதில் சொன்னேன்னு இங்க எழுத மாட்டேன். ஷெரின் இதைப் படிப்பா.

அடுத்த வாரம் இன்டர்வியூ. இவர் கார்லயே சொல்லிட்டாரு. "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். உன் கதையெல்லாம் அங்க வேண்டாம்."

ஆபீசர் நல்ல மனுஷன். எல்லாம் நல்லாத்தான் போச்சு. டாக்ஸ் பாக்கி ஏதாவது இருக்கான்னு கேட்டாரு.

"நோ சார்"னேன். அதோட நிறுத்தியிருக்கலாம். வாய் நிக்கணுமே! "ஒன்லி தெர்மாமீட்டர், சார்."

அவர் பேனாவைக் கீழ வச்சாரு. "எக்ஸ்க்யூஸ் மீ?"

என்கிட்ட இருந்த இங்கிலீஷ் மொத்தத்தையும் போட்டு விஷயத்தைச் சொன்னேன். போலீஸ் கார், சாக்லேட், ஜெபக் குழு, ஒண்ணும் விடல. சின்ன டப்பாவை மட்டும் விட்டுட்டேன். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டாரு. அழறாரோன்னு பயந்துட்டேன். சிரிச்சிருக்காரு.

"கங்கிராஜுலேஷன்ஸ், மேம். யுவர் இங்கிலீஷ் இஸ் ஃபைன்"னாரு. ரெண்டு பேருக்கும் பாஸ்!

இப்ப மறுபடியும் அடுத்த வருஷத்துக்குக் காசு ஒதுக்கற நேரம் வந்துருக்கு. நேத்து இவர் லேப்டாப்பைத் திறந்து வச்சுக்கிட்டுக் கேட்டாரு.

"எவ்வளவு போடட்டும்?"

"சைபர் போடுங்க"ன்னேன்.

"ஏட்டி, நஷ்டம்டி!"

இருக்கட்டும். தலைவலி வந்தா நான் டாக்ஸ் கட்டின மாத்திரையே போட்டுக்கறேன்.