வண்டியில்லாத ஸ்டேரிங்

கேமரன் மலைச் சாலையில் ஒரு கீறல்கூட விழாமல் வண்டி ஓட்டிய ஒரே மனிதர் எங்கள் லயத்தில் ஸ்டேரிங் என்று பட்டப்பெயர் வாங்கியவர்தான். இதை நான் எந்தச் சாமி முன்னாலும் கற்பூரம் அடித்துச் சொல்வேன். மழையில் வழுக்கவில்லை, பனியில் தடுமாறவில்லை, எதிரே வந்த எந்த வண்டியிலும் இடிக்கவில்லை. அவரிடம் வண்டி இல்லாதது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

எழுபதுகளின் கடைசியில் கம்போங் ராஜா என்ற சின்ன ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியை. லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீடு ஸ்டேரிங்குடையது, அதற்கு முந்தின வீடு எனக்கு. நடுவில் ஒரு பலகைச் சுவர், அதுவும் கூரைவரை போகாது. அங்கே கடுகு தாளித்தால் இங்கே நான் தும்முவேன். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில், கணக்கு எழுதும் கிராணி பெயர் வாசித்துக் கூப்பிடும்போது மட்டும் அது வெளியே வரும். சில நாள் அவரே அது யாரோ என்று சும்மா நின்றுவிடுவார். ஃபேக்டரியில் தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு தள்ளும் வேலை. காருக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தம், கார் போகும்போது ஒதுங்கி நிற்பதோடு சரி.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் அவர் மனைவி சரசுவின் வயிறு. சரசு மலையடிவாரத்தில் தாப்பாவுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துப் பெண், சமவெளியில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணம் முடிந்து மாலையும் கழுத்துமாகப் பஸ் ஏறினாள். மலைமேல் முதல் ஊரான ரிங்லெட் வருவதற்குள் கல்யாணச் சாப்பாட்டைப் பாயசம் முதல் பருப்பு வரை வந்த வழியே திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆலாத்தித் தட்டோடு லயத்து வாசலில் நின்ற நாங்கள், கைத்தாங்கலாக இறக்கப்பட்ட பெண்ணைப் பார்த்துப் பயந்துபோனோம். அவள் இந்த மண்ணில் கால் வைத்துப் பேசிய முதல் வார்த்தை, “இனிமே செத்தாலும் அந்த ரோட்டுல போமாட்டேன்” என்பது.

சொன்ன சொல் தவறவில்லை. தீபாவளிக்கு அம்மா வீட்டுக்குப் போகவில்லை, சொந்தத் தம்பி கல்யாணத்துக்கும் போகவில்லை. அம்மாக்காரியாவது வரலாம் என்றால், வயிறு விஷயத்தில் மகள் அம்மாவைக் கொண்டு பிறந்தவள். ஒரு தடவை கிளம்பி வந்து, பாதி மலையில் பஸ்ஸை நிறுத்தி இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டார். “பொண்ணக் குடுத்தமா, இல்ல மலைமேல ஏத்தித் தொலைச்சமா?” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியனுப்புவார். அது ஸ்டேரிங்குக்குச் சுருக்கென்று தைத்தது.

ஒரு நாள் என்னிடம் வந்து, “ரோடு மேல தப்பில்ல டீச்சர். ஓட்டுறவன் மேல தப்பு. வெடுக்கு வெடுக்குனு திருப்புறான். நான் ஓட்டுனா சரசு தூங்கிக்கிட்டே போவா” என்றார்.

“உங்களுக்கு ஓட்டத் தெரியுமாண்ணே?”

“அதுக்குத்தானே மொதல்ல ஒரு ஸ்டேரிங் வாங்கப் போறேன்.”

லாடம் கிடைத்தவன் குதிரை தேடின கதை என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை கம்போங் ராஜாவில் எனக்குக் காய்கறி வாங்கும் வேலை இருந்ததால், அவர்கள் இருவரோடு நானும் நடந்துபோய்ப் பழைய இரும்புக் கடைக்குள் நுழைந்தேன். இப்படியெல்லாம்தான் மனிதனுக்குக் கெட்ட பெயர் வருகிறது.

அவர் கையில் இருந்தது சினிமாவுக்கென்று சேர்த்த சில்லறை. ஆனால் பார்த்த பார்வை புது பஸ் கம்பெனி தொடங்குகிறவர் பார்வை. கவிழ்த்துப் போட்ட மண்ணெண்ணெய் டின்னில் உட்கார்ந்துகொண்டு, கடை முதலாளியான சீனத் தவுக்கே எடுத்துக் கொடுத்த ஒவ்வொரு ஸ்டேரிங்கையும் காற்றில் பிடித்து ஓட்டிப் பார்த்தார். முதலில் ஒரு லேண்ட்ரோவர் ஸ்டேரிங். “மொரட்டு சாமான். கத்துக்கறவன் கை வீங்கிப் போயிடும்” என்று ஒதுக்கினார். அடுத்தது, எந்தத் துரையோ பள்ளத்தில் கவிழ்த்த சின்னக் காருடையது. தோல் சுற்றிப் பளபளவென்று இருந்தது. எனக்கே அதை மடியில் வைத்துக்கொள்ளலாம்போல ஆசை வந்தது.

“இது அழகா இருக்கேண்ணே.”

“அழகுல என்னா இருக்கு டீச்சர். ஸ்டேரிங் சின்னதா இருந்தா சட்டுனு திரும்பும். சட்டுனு திரும்புனா சரசுக்கு வயித்தப் பொரட்டும். புதுசாக் கத்துக்கறவன் பெருசாத்தான் வாங்கணும். பெருசு மெதுவாத்தான் திரும்பும்.”

வாழ்க்கையில் சைக்கிள்கூட ஓட்டாதவர் இதைச் சொன்ன தோரணையில், தவுக்கே உட்பட நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். கடைசியில் பொறுக்கியது ஒரு பழைய பஸ் ஸ்டேரிங். முறத்தைவிடப் பெரியது, இரண்டு இடத்தில் வெடிப்பு, வெடித்த இடத்தில் கறுப்பு டேப்பு. கடையிலேயே மலிவானதும் அதுதான். தவுக்கே காசை வாங்கிப் போட்டுக்கொண்டு, மாட்டப்போகும் வண்டி எங்கே என்ற அர்த்தத்தில், “லோரி மானா?” என்றார்.

“பெலும் அடா” என்றார் ஸ்டேரிங், இன்னும் வரவில்லை என்று. தவுக்கே சிரிக்கவில்லை. பாவம், வியாபாரி.

வண்டி வராவிட்டால் என்ன, வாசலிலேயே தயாரானது. ஒரு பெஞ்சு, முன்னால் ஒரு தேயிலைப் பெட்டி, பெட்டியில் துளை போட்டுச் சொருகிய ஸ்டேரிங். கிளட்ச், பிரேக், எண்ணெய் மிதி மூன்றுக்கும் அறுந்துபோன ஜப்பான் ரப்பர் சிலிப்பர்கள். கியர், ஒரு உடைந்த குடைக்காம்பு. இன்ஜின் அவர் வாய். வேலை முடிந்து குளித்துவிட்டு உட்கார்ந்தாரென்றால் “ர்ர்ர்ர்” என்று தாப்பாவுக்குக் கிளம்பிவிடுவார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் பிள்ளைகளின் கணக்கைத் திருத்திக்கொண்டிருப்பேன். மேட்டில் அவர் இரண்டாவது கியர் போட்டால் என் பேனாவும் சேர்ந்து முனகும்.

அவர் விளையாடவில்லை என்பதுதான் விஷயம். ஒரு நாள் வாளித் தண்ணீரோடு அவர் பெஞ்சுக்கு முன்னால் நடந்துவிட்டேன். படக்கென்று சிலிப்பரை மிதித்து நிறுத்தி, முகம் வெளுத்துப்போய், “என்னா டீச்சர், ரெண்டு பக்கமும் பாத்து வரக்கூடாதா? நீங்களே இப்புடிப் பண்ணுனா பிள்ளைங்க என்னா பண்ணும்?” என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டபிறகுதான் எதற்குக் கேட்டோம் என்று எரிச்சல் வந்தது.

சாப்பிடக் கூப்பிட்டால் உடனே வரமாட்டார்.

“ஏங்க, சோறு ஆறுது.”

“கோலா தெர்லாகிட்ட காய்கறி லோரி ஒண்ணு முன்னால போவுது புள்ள. முந்த முடியல. கொஞ்சம் பொறு.”

சரசுவும் பொறுப்பாள். நான் எட்டிப் பார்த்து, “இன்னும் சாப்பிடலையா?” என்றால், “அவரு இன்னும் ரிங்லெட் தாண்டல டீச்சர்” என்பாள், சிரிக்காமல். ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை அடைத்துக்கொண்டு பஸ் நின்றுபோனது. அந்த வாரம் முழுக்க அவரும் ஓட்டவில்லை. கேட்டதற்கு, “ரோடு அடைச்சிருக்குல்ல?” என்று என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

இப்படி வருஷக்கணக்கில் பழகியபிறகு ஒரு ஞாயிறு, சரசுவை ஏற்றி ஓட்டிப் பார்க்க முடிவானது. லயமே வேடிக்கை பார்க்கக் கூடியது. அவள் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வண்டி கிளம்பியது. உடம்பை வளைத்து, மெதுவாக, அவர் இடப்பக்க வளைவு ஒன்றை எடுத்தார், வலப்பக்கம் ஒன்றை எடுத்தார். கோலா தெர்லாகூட வந்திருக்காது. சரசு வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடிக் கால்வாயோரம் வாந்தி எடுத்தாள்.

லயம் சிரித்த சிரிப்பில் தகரக்கூரை அதிர்ந்தது. நின்ற இடத்திலேயே ஆளை வாந்தி எடுக்கவைத்த டிரைவர் உலகத்திலேயே இவர் ஒருத்தர்தான் என்றார்கள். ஸ்டேரிங் இறங்கவில்லை. கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்துபோய் ஒரு கோணிச்சாக்கைக் கொண்டுவந்து ஸ்டேரிங்கின் மேல் போர்த்தினார். நானும் சிரித்தேன்தான். சாக்கைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

மறுநாளும் சரசு வாந்தி எடுத்தாள், பெஞ்சுப் பக்கமே போகாமல். தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரஸர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “பிள்ளை உண்டாயிருக்கு” என்றார். வீடே குதித்தது. ஸ்டேரிங் மட்டும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “அப்ப அது என் டிரைவிங்கால இல்லதானே டீச்சர்?” என்று உறுதிப்படுத்திக்கொண்டு, அப்புறம்தான் அப்பாவானார்.

சந்தோஷம் கொஞ்ச நாள்தான். தலைப்பிரசவம் தாய் வீட்டில். இதை எந்தத் துரை சட்டம் போட்டாலும் மாற்ற முடியாது. ஏழாம் மாதம் வளையல் அடுக்கிவிட்டுப் பெண்ணைக் கீழே அனுப்பியாக வேண்டும். சரசுவுக்கு அந்த ரோட்டை நினைத்தாலே தூக்கம் வரவில்லை. “வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு அவ்ளோ வாந்தி எடுத்தா அதுக்கு என்னா ஆகும் டீச்சர்? ஆனா எனக்கு அம்மா வேணும். அம்மா இல்லாம பெத்துக்க எனக்குப் பயமாருக்கு” என்று என் மடியில் விழுந்து அழுதாள். அந்தப் பலகைச் சுவருக்கு அப்பால் ஸ்டேரிங் சாக்கை உருவும் சத்தம் கேட்டது.

லோரி டிரைவர் மணியத்தின் கையில் காலில் விழுந்து, தோட்டத்து ரோட்டில் நிஜ வண்டி பழகினார். மணியமே அசந்துபோனார். “வளைவுல கை சுத்தம்லா. டீத்தண்ணி கிளாஸ வச்சாலும் சிந்தாது” என்று எல்லோரிடமும் சொன்னார். லைசென்ஸ் எடுத்துவிட்டால், துரையிடம் லேண்ட்ரோவரைக் கேட்டு வாங்கித் தானே ஓட்டிக்கொண்டு போவது என்று திட்டம். மணியத்தைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் தாப்பாவுக்குப் பரீட்சைக்குப் போனார்.

சாயங்காலம் திரும்பிய மணியத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பரீட்சை நடந்தது நேரான சாலையில். மலைமேல் நேரான சாலையை யார் பார்த்தார்கள்? ஸ்டேரிங் கிளப்பினார், கியர் மாற்றினார், எல்லாம் ஒழுங்கு. கொஞ்ச தூரம் போனதும் கை பரபரவென்றது. “லூருஸ், லூருஸ்” என்று அதிகாரி நேராகப் போகச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். இவர் இடப்பக்கம் அழகாக, மெதுவாக, ஒரு வளைவு எடுத்து, புல்லில் மேய்ந்துகொண்டிருந்த மாட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். ஏன் திருப்பினாய் என்று கேட்டதற்கு, “ரொம்ப நேரமா வளைவே வரலைங்க. எங்கயோ விட்டுட்டேன்னு நெனச்சேன்” என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அதிகாரி மாட்டிடம் நலம் விசாரித்துவிட்டு, ஃபெயில் போட்டுப் போய்வரச் சொன்னார்.

அடுத்த பரீட்சைக்கு நாள் இல்லை, ஏழாம் மாதம் வந்துவிட்டது. வளையல் அடுக்கிய மறுநாள் காலை, துரை கொடுத்த லேண்ட்ரோவரில் மணியம் ஓட்டுவதாக ஏற்பாடு. பெண் துணைக்கு நான். தைலம், வாயில் அடக்கப் புளிப்பு அசாம்போய், பிளாஸ்டிக் பைகள் எல்லாவற்றோடும் பின்னால் ஏறினேன். சரசு முன்னால் ஏறி, பலிக்குப் போகும் ஆடுபோல உட்கார்ந்திருந்தாள். ஸ்டேரிங்கைக் காணோம். பார்த்தால், தேயிலைப் பெட்டியிலிருந்து பஸ் ஸ்டேரிங்கைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு வருகிறார்.

“அது எதுக்குலா? என் வண்டில ஏற்கெனவே ஒண்ணு இருக்கு” என்றார் மணியம்.

அவரோ முன்சீட்டில் சரசுவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, அதை அவள் மடியில் வைத்தார். வயிறு பெரிது, ஸ்டேரிங் அதைவிடப் பெரிது. கச்சிதமாகச் சுற்றி நின்றது.

“இந்தா புள்ள, நீதான் ஓட்டுற. அன்னிக்குப் பரீட்சைக்குப் போறப்ப பஸ்ஸுல நானே வாந்தி எடுத்தேன், தெரியுமா? யார்கிட்டயும் சொல்லல. அந்த டிரைவரப் பாத்தேன். ஒத்தக் கையால பீசாங் கோரெங் தின்னுக்கிட்டே ஓட்டுறான். ஓட்டுறவனுக்கு வாந்தி வராது புள்ள. உக்காந்து வர்றவனுக்குத்தான் வரும். நான் சொல்லச் சொல்ல நீ திருப்பு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சரசு சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“எடப்பக்கம் வருது. மெதுவா. இப்ப வலப்பக்கம், பெரிய வளைவு, ரெண்டாவது கியர்.” அவர் சொல்லச் சொல்ல அவள் திருப்பினாள். திருப்பும்போதெல்லாம் கைநிறைய வளையல் கலகலத்தது. கோலா தெர்லா போனது, பிரிஞ்சாங் போனது. மணியம் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தவர், தானா ராத்தாவுக்குப் பிறகு அவள் கையைப் பார்த்துத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். ரிங்லெட் தாண்டியபோது சரசு அதட்டலாக, “மணியண்ணே, அந்த வளைவுல லேட்டா திருப்புனீங்க” என்றாள். மணியம், “சரிம்மா” என்றார். அந்தப் பயணத்தில் பிளாஸ்டிக் பை உபயோகித்தவள் நான் ஒருத்திதான்.

தாப்பா தாண்டிச் சாலை நேராக விரிந்ததும் சரசுவின் கை தடுமாறியது. ஸ்டேரிங் தன் கையை அவள் கையின் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“நேரா போ புள்ள. இங்க வளைவே வராது. வரும்னு பயந்துதான் நான் கோட்டை விட்டேன். சும்மா நேரா போ.”

வாசலில் நின்ற அம்மா, மகள் தன் காலால் இறங்கி நடந்து வருவதைப் பார்த்து ஓடி வந்தார். “எப்பிடிம்மா வந்த?” என்றார். “நான்தாம்மா ஓட்டிட்டு வந்தேன்” என்றாள் சரசு, ஸ்டேரிங்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு. அந்த மனிதர் வண்டியை விட்டு இறங்காமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மணியம் இறங்கி, டயரில் காற்று இருக்கிறதா என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டேரிங் கடைசிவரை லைசென்ஸ் எடுக்கவில்லை. அடுத்த தடவை பிள்ளையோடு சரசு மலையேறி வந்தபோதும் அவள்தான் ஓட்டி வந்தாள். நான் மாற்றலாகிச் சமவெளிக்கு வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. இன்றும் அந்த மலைக்குப் பஸ்ஸில் போனால், கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொரு வளைவுக்கும் மெதுவாகத் திருப்பிக்கொண்டே போகிறேன். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். நான் பாட்டுக்கு மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்: ரிங்லெட் தாண்டிட்டேண்ணே, வயிறு நல்லாருக்கு.