என் கொலாஜனும் முகிலனின் காதும்

வயிற்றுக்குக் கீழே வீக்கம் வந்தால் எந்த ஆணும் உண்மையைச் சொல்வதில்லை. நான் அறிவியலைச் சொன்னேன். அது அதைவிட மோசம்.

எனக்குக் குடலிறக்கம் வந்ததற்கு அரிசி மூட்டை தூக்கியதுதான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். சுபாங் ஜெயா மருத்துவமனையில் என்னைப் பரிசோதித்த டாக்டரம்மா சிரித்தார்.

"மூட்டை மட்டும் இல்ல, அங்கிள். வயித்துச் சுவர கெட்டியா வெச்சிருக்கிறது கொலாஜன். பழைய கொலாஜன கரைக்கிறதுக்கு உடம்புல என்சைம் இருக்கு. சில பேருக்கு அது ஓவர்டைம் பாக்குது லா. புதுசு நெய்யிறதுக்குள்ள பழசு கரைஞ்சிடும். சுவர் மெலிஞ்சா குடல் எட்டிப் பாக்கும்."

எனக்கு ஒரே பெருமை. (தப்பு என்மேல் இல்லை; என் என்சைம்கள்மேல்!) அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று.

அதற்குள் கிள்ளானில் தங்கை செல்வியின் மகன் முகிலனுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். செல்விக்கு நான் ஒரே அண்ணன். முகிலனோ மூன்று வயதிலேயே சமையல் கேஸ் தோம்பு கணக்காகக் கனப்பான்.

"மாமன் மடி இல்லாம குத்தினா என் மாமியார் வீட்டுல என்னைய என்ன சொல்லுவாங்கண்ணே?" என்று செல்வி கண் கலங்கினாள். சம்மதித்தேன்.

பாதுகாப்புக்காக, ஒரு துவாலையை ஒழுங்காக நான்காய் மடித்து வேட்டிக்குள் வீக்கத்தின்மேல் கட்டிக்கொண்டேன். மண்டபத்தில் செல்வியின் மாமியார் என்னை நிறுத்தினார்.

"ஏன் தம்பி, வாத்து மாதிரி நடக்குறீங்க?"

கொலாஜன், என்சைம் என்று விரிவாக விளக்கினேன். கூட்டம் கூடிவிட்டது.

"எல்லாம் சரி லா. அது எங்க இருக்கு?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

முன்வரிசை மொத்தமும் என் வேட்டியைப் பார்த்தது.

நல்லவேளையாக மேடைக்கு அழைத்தார்கள். முகிலன் மடியில் அமர்ந்தான். ஆசாரி ஊசியை எடுத்ததும் பையன் மிரண்டு உதைத்தான். துவாலை எப்போதோ நழுவியிருந்தது. (சரியாக அந்த இடத்துக்கே வர, அவன் குதிகாலுக்கு யார் வழி காட்டினார்களோ!)

"ஐயோ, அம்மா!" என்று அலறியது நான்தான்.

நாதஸ்வரம் நின்றது. ஊசி இன்னும் காதைத் தொடவே இல்லை. முகிலன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஆசாரி இரண்டு காதையும் முடித்துவிட்டார்.

செல்வியின் மாமியார் கண்களைத் துடைத்துக்கொண்டார். "மாமன்னா இப்படி இருக்கணும். பிள்ளையோட வலிய இவரே வாங்கிக்கிட்டாரு!"

செல்வி அன்று தலைநிமிர்ந்து பந்தி பரிமாறினாள்.

சிகிச்சையும் நல்லபடி முடிந்தது. வலை வைத்துத் தைத்த இடம் இன்று கெட்டியாக இருக்கிறது. ஆனால் குடும்பத்தில் எங்கே காதுகுத்து என்றாலும் என்னைக் கையோடு கூட்டிப்போய்விடுகிறார்கள். சென்ற மாதம் செமினியில், ஊசியைத் தூக்கிய ஆசாரி குழந்தையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அங்கிள், ஸ்டார்ட் பண்ணலாமா?"

எனக்கு எங்கேயும் வலிக்கவில்லை. இருந்தாலும் கத்தினேன்.