பாதை என் இஷ்டம், தேதி அவள் இஷ்டம்

புத்தாண்டு அன்று காலையில் ஒரு சபதம் எடுத்தேன். ஊரில் மற்றவர்கள் எடையைக் குறைப்பதாகச் சபதம் எடுத்தார்கள். நான் என் சகலையைக் குறைப்பதாக எடுத்தேன்.

சகலை என்றால் ஆர்லோ. என் மனைவி மார்வாவின் அக்கா ட்வைலாவைக் கட்டியவன். மொன்டானாவில், கிளேசியர் தேசியப் பூங்காவின் தெற்கு ஓரமாகச் சுற்றிப் போகிற சாலையில் அவர்களுக்கு வீடு. ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் என்கிறார்கள். தெரியலாம். அந்த ஜன்னல் பக்கம் போக எனக்கு இதுவரை நேரம் கிடைத்ததில்லை.

முதல் தடவை போனபோது காரிலிருந்து ஒரு காலைத்தான் கீழே வைத்திருந்தேன். "சகலை, கொஞ்சம் கை குடு" என்றான். பாசக்காரன், கை குலுக்கக் கேட்கிறான் என்று கொடுத்தேன். அதில் ஒரு கடப்பாரையை வைத்தான். நான்கு நாள் வேலிக்குக் குழி தோண்டினேன். அடுத்த தடவை குளிர்காலத்துக்கு விறகு. அதற்கடுத்த தடவை கழிவுநீர்த் தொட்டி. அதைப் பற்றிப் பேச வேண்டாம், சாப்பிடுகிறவர்கள் யாராவது இதைப் படிக்கலாம்.

ஆர்லோ அதட்டமாட்டான், மிரட்டமாட்டான். அவனும் கூடவே நின்று இரண்டு மடங்கு செய்வான். அதுதான் கொடுமை. சும்மா உட்கார்ந்து வேலை வாங்குகிறவனாக இருந்தால் சண்டை போட்டுவிட்டு வரலாம். சகல வேலையும் வாங்குகிறவன் என்பதால்தான் சகலை என்று பேர் வைத்தார்களோ என்னவோ.

நான் பாண்டு வாத்தியார். நெப்ராஸ்காவில் ஒரு சின்ன ஊரின் பள்ளிக்கூடத்தில், காலமெல்லாம் பிள்ளைகளை டிரம்பெட் ஊதவைத்துக் காதைக் கெடுத்துக்கொண்டவன். கையில் நான் தூக்கிய அதிகபட்ச கனம், தாளம் காட்டுகிற குச்சி. மே மாதத்தோடு எனக்கு ஓய்வு. அந்த முதல் கோடையில் ஒரு மலை ஏரிக்கரையில் மடக்கு நாற்காலியைப் போட்டு, யாரும் என் கையில் எதையும் திணிக்காமல், உட்கார்ந்திருக்க வேண்டும். வேறு ஆசை கிடையாது. கடவுள் சத்தியமாகக் கிடையாது.

அதற்குத்தான் திட்டம். மூன்று பூங்கா: டீட்டன், யெல்லோஸ்டோன், கடைசியில் கிளேசியர். கிளேசியரின் நடு முதுகில் ஏறி இறங்குகிற ஒரு சாலை இருக்கிறது. சூரியனுக்குப் போகும் சாலை என்று பேர். கிழக்கு வாசலில் நுழைந்து, உச்சியைத் தாண்டி, மேற்குப் பக்கத்து ஏரியில் போய் இறங்கலாம். திரும்பும்போதும் அதே வழி. தெற்குச் சாலையை மிதிக்கவே வேண்டாம். ஆர்லோ வீட்டுப் புகைபோக்கிகூடக் கண்ணில் படாது.

வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய் மார்வா முன்னால் நின்றேன். அவள் மேஜையில் ஆயிரம் துண்டுப் படப் புதிரைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மார்வா, இந்த வருஷம் பயணத் திட்டம் நான்தான் போடுவேன்."

"போடு."

"எந்த வழியா போறோம்னு நான்தான் முடிவு பண்ணுவேன்."

"பண்ணு."

"வழியப் பத்தி யாரும் ஒரு வார்த்த பேசக் கூடாது."

"நான் எங்க பேசினேன்? வழி உன் இஷ்டம். தேதி மட்டும் நான் சொல்றேன்."

சண்டைக்கு இடுப்பைக் கட்டிக்கொண்டு வந்தவன், இடுப்பைத் தளர்த்தினேன். "என்ன தேதி?"

"ஜூன் முதல் வாரம். அப்புறம் போனா லீவு விட்ட பசங்க கூட்டம் பூரா அங்கதான் இருக்கும். இத்தன வருஷம் நீ அந்தக் கத்தல கேட்டது போதாதா?"

என் காதுக்காக இந்த வீட்டில் ஒரு ஜீவன் கவலைப்படுகிறது.

"ட்வைலாவப் பாத்து மூணு வருஷமாச்சு" என்றாள், ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே.

"அடடா. இந்த வழியில அவங்க வீடு வராதே." முகத்தில் எவ்வளவு வருத்தம் கொள்ளுமோ அவ்வளவையும் வரவழைத்துக்கொண்டு சொன்னேன்.

"வராதா?"

"நீயே பாரு."

அவள் பிறந்து வளர்ந்ததே அந்த மலைக்கு அடியில்தான். வரைபடத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒன்றும் கிடையாது. ஆனாலும் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் விரல் போன வழியே பார்த்தாள். "ஆமா, வராது. பரவாயில்ல விடு" என்றாள்.

அந்தப் 'பரவாயில்ல' கொஞ்சம் உறுத்தியது. அக்காவும் தங்கையும் போனில் பேசினால், மார்வா சின்னப் பெண் மாதிரி சிரிப்பாள். வேறு யாரிடமும் அந்தச் சிரிப்பு வராது, என்னிடமும் வராது. பாவம்தான். ஆனால் எனக்கும் முதுகு என்று ஒன்று இருக்கிறதே. அன்றைக்கே மேற்கு ஏரிக்கரையில் ஒரு மரக்குடிலுக்குப் பணம் கட்டிவிட்டேன். ரத்து செய்தால் பணம் திரும்பாது என்றார்கள். ரத்து செய்ய நான் என்ன முட்டாளா என்றேன்.

மே மாதம் பக்கத்து வீட்டு டெல்பர்ட்டிடம் பெருமை அடித்துக்கொண்டேன். டெல்பர்ட் தன் வண்டி வீட்டை இழுத்துக்கொண்டு போகாத மலை இல்லை. வேலியில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"எந்த வழி வாத்தியாரே?"

"கிளேசியர்ல மேல ஏறிப் போற சாலை."

"பிரமாதம். என்னிக்கு?"

"ஜூன் முதல் வாரம்."

டெல்பர்ட் வாயைத் திறந்தார். அதே நேரம் பார்த்து சமையலறைக் கதவும் திறந்தது. மார்வா ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட பெரிய இனிப்பு அப்பம் ஒன்றைத் துணியில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"டெல்பர்ட், இப்பத்தான் அடுப்புலேருந்து எடுத்தேன். உங்களுக்குத்தான். ஆறிப்போகும், சீக்கிரம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

டெல்பர்ட் அப்பத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கடைசியாக என்னை, சாவு வீட்டில் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார்.

"நல்ல வழி வாத்தியாரே. ரொம்ப நல்ல வழி."

அதற்கப்புறம் வாரம் தவறாமல் டெல்பர்ட் வீட்டுக்கு ஓர் அப்பம் போனது. எனக்கு ஓரம்கூடக் கிடைக்கவில்லை. அண்டை வீட்டாரிடம் என் மனைவி எவ்வளவு அன்பாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். தலையில் நரைத்த அளவுக்கு உள்ளே விளையவில்லை, என்ன செய்வது.

மே கடைசியில் எங்கள் ஊரில் வெயில் தொண்ணூறு டிகிரி. கோதுமை பழுக்க ஆரம்பித்திருந்தது. அரைக்கால் சட்டைகளை மடித்து வைத்தேன். மடக்கு நாற்காலியைக் கழுவிக் காயவைத்தேன். எல்லாம் முடிந்து, ஒரே ஒரு சந்தேகத்துக்காகப் பூங்கா அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஒரு இளம்பெண் எடுத்தாள்.

"அம்மா, மேல உச்சியில கார் நிறுத்த இடம் கிடைக்குமா?"

"கிடைக்கும் சார். காலையில சீக்கிரம் வந்துட்டா ஜூலைல கிடைக்கும்."

"நான் ஜூன் முதல் வாரம் வரேன்."

"எதுல சார்?"

"கார்லதான்."

அவள் வலிக்காமல் ஊசி போடுகிறவள் மாதிரி பேசினாள். "சார், உச்சியில பனி ரெண்டு மாடி உயரத்துக்கு நிக்குது. இயந்திரம் வெச்சுத் தள்ளிக்கிட்டு இருக்காங்க. ஜூன் கடைசியில திறப்பாங்க. சில வருஷம் ஜூலை ஆயிடும்."

"ஜூன்னா கோடையாச்சேம்மா?"

"எங்க சார்?"

எங்கள் ஊரில் மேடு என்று இருப்பது தானியக் கோபுரம் ஒன்றுதான். அதன் உச்சியில் பனி இருந்து நான் பார்த்ததில்லை.

"அப்ப மேற்கு ஏரிக்கரைக்கு நான் எப்படிப் போறது? குடில் எடுத்திருக்கேன்."

"அதுக்கென்ன சார், தெற்கால சுத்திப் போங்க. அந்தச் சாலை வருஷம் பூரா திறந்திருக்கும். ரொம்ப அழகான சாலை. வழியில வீடுங்ககூட இருக்கு."

"தெரியும்மா. ஒரு வீட்டுக்கு வேலி போட்டதே நான்தான்."

போனை வைத்துவிட்டு மார்வாவிடம் போனேன். அவள் பெட்டியில் கம்பளிச் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கம்பளி. வெளியே தொண்ணூறு டிகிரி.

"மார்வா, மேல சாலை மூடியிருக்காம். பனியாம்."

"அப்படியா?"

"உனக்குத் தெரியாதா? நீ அங்க பொறந்தவதானே?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"வழியப் பத்தி யாரும் ஒரு வார்த்த பேசக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

குரல் உயரவில்லை. கம்பளியின் மடிப்புகூடக் கலையவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று அந்த நிமிஷம் எனக்கு விளங்கியது. பணமும் கட்டி, ரசீதும் வாங்கி, பத்திரமாக மடித்து வைத்திருந்தேன்.

ஆனால் நானும் லேசுப்பட்டவன் இல்லை. குடில்காரர்களுக்குப் போன் போட்டு ஜூலைக்கு மாற்றச் சொன்னேன். ஜூலையா, அது எப்போதோ நிரம்பிவிட்டது என்று சிரித்தார்கள். ஆகஸ்ட் என்றேன், இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள். சரி, போனால் போகட்டும் பணம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

"மார்வா, பயணமே வேண்டாம். இந்தக் கோடையில வீட்டவிட்டு நகர்றதா இல்ல."

அழுவாள், கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"அதுவும் நல்லதுதான். அப்ப ட்வைலாகிட்ட சொல்லிடறேன், அவங்க இங்க வரட்டும்."

"யாரு வரட்டும்?"

"ட்வைலாவும் ஆர்லோவும். நாம போகலன்னா அவங்க வர வேண்டியதுதானே? எவ்வளவு நாளைக்குத்தான் பாக்காம இருக்கறது?"

"எத்தன நாள் இருப்பாங்க?"

"அவ்வளவு தூரத்துலேருந்து வர்றவங்கள ரெண்டு நாள்ல கிளம்புன்னா சொல்ல முடியும்? ஒரு மாசமாவது இருப்பாங்க. ஆர்லோவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது, பாவம். நம்ம கார் கொட்டகைய படத்துல பாத்துட்டு, இத எப்படி இன்னும் நிக்க விட்டீங்கன்னு கேட்டாராம்."

ஜன்னல் வழியாக என் கொட்டகையைப் பார்த்தேன். அதுவரைக்கும் எனக்கு நல்ல கொட்டகையாகத்தான் தெரிந்தது. இப்போது ஆர்லோவின் கண்ணால் பார்த்தேன். ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சுவரில் வர்ணம் செதில் செதிலாக உரிந்திருந்தது. வேலி பல் போன கிழவன் மாதிரி நின்றது. கொல்லையில் பட்டுப்போன எல்ம் மரம் ஒன்று, வெட்ட ஆள் வரட்டும் என்று பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தது. ஒரு மாசம் போதாது. ஆர்லோ குளிர்காலத்துக்கும் தங்கிவிடுவான்.

"மார்வா" என்றேன், குரலைத் தாழ்த்தி. "நான் யோசிச்சுப் பாத்தேன். கூடப் பொறந்தவளப் பாக்காம நீ தவிக்கறது எனக்குத் தாங்கல."

"நான் எங்க தவிச்சேன்?"

"உள்ளுக்குள்ள தவிக்கற. எனக்குத் தெரியும். நாமளே போயிடலாம். போற வழிதானே, ரெண்டு ராத்திரி தங்குவோம்."

"நாலு."

"மூணு."

"நாலு. குடிலுக்கு அப்புறம் போயிக்கலாம். நான் கேக்கல, நீயாத்தான் சொல்ற."

"நானாத்தான் சொல்றேன்."

"நெஜமாவா கேலன்?"

என் பேரைச் சொல்லி அவள் அப்படிக் கேட்டு ரொம்ப காலமாகிவிட்டது. முகத்தைப் பார்த்தேன். கண் லேசாக ஈரமாக இருந்தது. அதில் நடிப்பு இல்லை, அதை நான் எங்கேயும் சத்தியம் செய்வேன். அக்காவைப் பார்க்கப் போகிற சந்தோஷம் அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது. எனக்கே என்மேல் வெட்கமாக இருந்தது. இந்த முகத்துக்காக இரண்டு குழி தோண்டினால்தான் என்ன, குடியா முழுகிவிடும் என்று தோன்றியது.

"அப்ப நீயே ஆர்லோவுக்குப் போன் பண்ணிச் சொல்லிடு" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் சொன்னா, உன்னக் கட்டி இழுத்துட்டு வர்றதா நெனச்சுக்கப் போறாங்க."

பண்ணினேன்.

"சகலை, உங்களுக்கு எதுக்கு அலைச்சல்? நீங்க ரெண்டு பேரும் இங்க வர வேண்டாம், நாங்களே அங்க வரோம்."

"நாங்க எங்க சகலை வர்றது? இங்க கோழிய யாரு பாக்கறது, மாட்ட யாரு பாக்கறது? நான் இந்தப் பள்ளத்தாக்கத் தாண்டியே பல வருஷமாச்சு."

நான் மார்வாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என் அரைக்கால் சட்டைகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா நீங்க வர்றது தெரியும்" என்றான் ஆர்லோ. "ஜூன் முதல் வாரம்தானே? போன நவம்பர்லயே மார்வா சொல்லிட்டா."

நவம்பர். நான் சபதம் எடுத்தது ஜனவரி.

"மாட்டுக் கொட்டகைக்குக் கூரை மாத்தணும் சகலை. தகரமெல்லாம் வந்து இறங்கிடுச்சு. உனக்குக் கையுறைகூட வாங்கி வெச்சுட்டேன், கச்சிதமா இருக்கும். நீ தூங்கறப்ப மார்வா அளவெடுத்து அனுப்பினா."