அழித்துவிட்ட பாட்டைப் பற்றி மாமாவுக்கு

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மாமாவுக்கு,

உங்கள் மச்சினன் எழுதிக்கொள்வது. தொண்டையைத் தவிர மற்றபடி நான் நலம். உங்கள் முழங்கால் உங்கள் சொல்பேச்சு கேட்கிறதா? போன் செய்யாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு என் குரலைக் கேட்டு, யாரோ மிரட்டுகிறார்கள் என்று இரண்டு முறை போனை வைத்துவிட்டீர்கள்.

இருபது வருடம் ராக் மேடைகளில் கத்திய வாய்க்கு இப்போது வேறு பிழைப்பு. பாட்டு எழுதுகிறேன், அதைப் பதிவுசெய்து தயாரிக்கிறேன், பாடும் பெண்ணுக்கு மேனேஜராகவும் இருக்கிறேன். மூன்று பதவி என்றதும் பெருமைப்பட்டுவிடாதீர்கள். போன வாரம் ஓர் அரங்கத்தில், என் பழைய போஸ்டர் இன்னும் ஒட்டியிருக்கும் வாசலிலேயே, காவலாளி என்னை மறித்து, "டிரைவருங்க எல்லாம் வெளிய இருங்க" என்றார். போஸ்டரைக் காட்டினேன். அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்க தம்பியா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் உடைப் பையோடு வெளியிலேயே நின்றேன்.

ஸ்டுடியோ என்று நான் சொல்வது என் படுக்கையறைதான். சத்தம் வெளியே போகாமலிருக்க மெத்தையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் படுக்கிறேன். அக்கா போய் ஒரு வருடமாகிறதே, அவளைப் பற்றி நான் எழுதிய பாட்டை அந்தப் பெண் அங்கேதான் பாடினாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, "சாயங்காலம் வந்திடுவேன், துணிய மட்டும் எடுத்து உள்ள போட்டுடுங்க" என்று அக்கா உங்களிடம் சொன்னாளே, அதுதான் பல்லவி. முதல் தடவையே நன்றாகத்தான் பாடினாள். நான் அழுதுகொண்டிருந்ததில் பதிவுசெய்யும் பொத்தானை அமுக்கவில்லை. தயாரிப்பாளர் அதைச் சொல்ல முடியுமா? "சுருதி சரியில்ல, இன்னொரு தடவை" என்றேன். அப்புறமும் ஏதேதோ கோளாறு, பதினோரு தடவை ஆகிவிட்டது. அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "சார், இது யாரு?" என்று கேட்டாள்.

"சும்மா, கற்பனைதான்."

அதற்குள் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். "அந்தத் துணிய எடுத்து உள்ள போட்டாச்சா இல்லையா? காலையிலேர்ந்து எனக்கு வேலை ஓடல" என்றார். துணியெல்லாம் எடுத்தாச்சு, அவங்கதான் வரல என்று அவரிடம் எதற்குச் சொல்வது? தலையை மட்டும் ஆட்டினேன். அவர் நிம்மதியாகப் படியிறங்கிப் போனார்.

பாட்டை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் மாமா. அழித்துவிட்டேன். நம் வீட்டுத் துக்கத்தை ஊருக்குப் போட்டுக்காட்ட மனசு வரவில்லை. நீங்களும் தாங்கமாட்டீர்கள். இனி அந்தப் பேச்சே வேண்டாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். உங்கள் மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

என்றும் உங்கள்,
மச்சினன்

பி.கு.: அழித்துவிட்டேன் என்று மேலே எழுதியது பொய். உங்கள் மகளின் போனுக்கு நேற்றே அனுப்பிவிட்டேன். கேட்டு வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு, உட்கார்ந்து கேளுங்கள். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் வரும். நான்தான். மேனேஜர் எவ்வளவு சொல்லியும் அந்தப் பெண் அதை வெட்ட விடவில்லை.