ஆறு மாத மாமனார்

"இந்த ஊர் நமக்கு லாயக்கில்லை. கிளம்பறோம்" என்று மேனேஜர் அறிவித்தபோது அவர் முகத்தில் பாதி சவர நுரை இருந்தது. மீதிப் பாதிக்கு அதற்குள் வெளிநாட்டுக் களை வந்துவிட்டிருந்தது.

மேனேஜர் என்றதும் யாரும் எழுந்து நின்றுவிட வேண்டாம். டைல்ஸ் கடை மேனேஜர். கடையில் முதலாளி ஒருவர், மேனேஜர் ஒருவர், பெட்டி தூக்குகிற ஆள் ஒருவர். முதலாளி வராத நாளில் நம்மவர்தான் முதலாளி. பெட்டி தூக்குகிற ஆள் வராத நாளில் நம்மவர் என்னவாக இருந்தார் என்பது அவருடைய இடுப்புக்குத்தான் தெரியும். ஆனாலும் பல் டாக்டரிடம் வாயைத் திறந்தால்கூட முதலில் 'மேனேஜர்' என்று சொல்லிவிட்டுத்தான் பல்லைக் காட்டுவார்.

இப்பேர்ப்பட்டவருக்குத் திடீரென்று ஏன் இந்த ஞானோதயம்? கூடப் படித்த ஒருவன் வெளிநாட்டிலிருந்து ஒரு போட்டோ அனுப்பித் தொலைத்துவிட்டான். பனியில் நின்றுகொண்டு ஈ என்று இளிக்கிறான். பள்ளிக்கூடத்தில் மேனேஜரின் நோட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டவன்! வயிறு எரியுமா, எரியாதா? எரிந்தது. அந்த எரிச்சலுக்கு மேனேஜர் 'குடும்பத்தின் எதிர்காலம்' என்று பெயர் வைத்தார்.

"திறமைசாலிகளுக்குன்னே தனியா விசா தர்றாங்களாம். குடும்பத்தோட போகலாம்."

மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். விடிந்ததும் போய் ஊசியோடு உட்கார வேண்டும். வலிக்காமல் குத்துவதில் அவளுக்கு அந்த வட்டாரத்திலேயே நல்ல பெயர். டிபன் டப்பாவைப் பையில் வைத்தபடியே கேட்டாள்.

"திறமைசாலிகளுக்குன்னா, நீங்க எப்படிங்க போவீங்க?"

"நக்கலா?"

"சந்தேகங்க. கேட்கக் கூடாதா? சரி, நாம போயிட்டா எங்கப்பாவை யாரு பார்த்துக்கறது?"

"ஆரம்பிச்சுட்டியா?"

"போன மாசம் குளியலறையில வழுக்கி விழுந்து கிடந்தாருங்க. பக்கத்து வீட்டுக்காரங்க கதவை உடைச்சுத் தூக்கினாங்க. இங்க கூட்டிட்டு வந்துடலாம்னு எத்தனை தடவை கேட்டுட்டேன்?"

"எங்க கூட்டிட்டு வர்றது? இருக்கிற இடத்துல உங்கப்பாவை என் தலைமேலயா படுக்க வைக்கிறது?"

மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் காலமான பிறகு வேறு ஊரில் தனியாக இருந்தார். அவர் பேச்சை எடுத்தாலே மேனேஜருக்கு வீடு சுருங்கிவிடும். படுக்கை அறைகள் போக ஒரு சின்ன அறை சும்மாதான் கிடந்தது. அதற்கு மேனேஜர் 'ஆபீஸ் ரூம்' என்று பெயர் சூட்டி, உள்ளே உடைந்த டைல்ஸ் மாதிரிகளை அடுக்கி, நடுவில் நாற்காலி போட்டுத் தூங்குவார்.

அப்பா விழுந்த சேதி வந்த அன்றைக்கு, ஒரே ஆளுக்கு அவள் முதல் தடவையாக இரண்டு முறை ஊசி குத்த வேண்டிவந்தது. அதை அவள் மேனேஜரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

விடுமுறை நாளாகப் பார்த்து இருவரும் விசா ஆலோசகரிடம் போனார்கள். கண்ணாடிக் கதவு, நாலைந்து நாட்டுக் கொடிகள், மேசைமேல் ஒரு பொம்மை விமானம். வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியை மட்டும் வேண்டுமென்றே பள்ளமாகப் போட்டிருந்தார் அந்த மனுஷன்.

"என்ன தொழில் சார்?"

"மேனேஜர்."

"என்ன மேனேஜர்?"

"டைல்ஸ்."

"அடடே! டைல்ஸ் ஒட்டறவங்களுக்கு அங்க ஏகப்பட்ட கிராக்கி. ஒட்டுவீங்களா?"

"ஒட்டறவங்களை மேற்பார்வை பண்ணுவேன்."

"மேற்பார்வை பண்ண அங்கயே நிறைய பேர் இருக்காங்க சார். வேலை செய்யத்தான் ஆள் இல்லை."

மேனேஜர் முகம் சுண்டிப்போயிற்று. ஆலோசகர் கிராக்கியுள்ள தொழில்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். வெல்டிங் தெரியுமா? தெரியாது. குழாய் ரிப்பேர்? தெரியாது. லாரி ஓட்டுவீங்களா? பின்னால் உட்கார்ந்து வருவாராம். கேட்கக் கேட்க, இத்தனை வருஷமாக இந்த மனுஷன் எந்தத் தொழிலும் கையில் படியாமல் எப்படித் தப்பித்தார் என்று ஆலோசகருக்கே ஆச்சரியமாகிவிட்டது.

"வயசும் எல்லையைத் தொடப்போகுது. உங்களுக்கு இருக்கிறது ஒரே வழிதான். முதியோர் பராமரிப்பு. ஒரு பெரியவரை ஆறு மாசம் நேரடியா கவனிச்ச அனுபவம் வேணும்."

"எங்கம்மா இருக்காங்க. தம்பி வீட்ல."

"பெத்தவங்க கணக்குல வராது. ரத்த சொந்தம் கூடாது."

"மாமனார்?"

கேட்டது மேனேஜர்தான். மனைவி மேசைமேல் இருந்த பொம்மை விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாராளமா. ஆனா ஒண்ணு சார், வேலைன்னா வேலையா செஞ்சிருக்கணும். பாசத்துல செஞ்சா அது குடும்ப விஷயம்னு தள்ளிடுவாங்க. கடைசியில வீடியோவுல கூப்பிட்டு அந்தப் பெரியவரையே விசாரிப்பாங்க."

மேனேஜர் நெஞ்சை நிமிர்த்தினார். "எனக்கு என் மாமனார் மேல பாசம்னு எவனாலயும் நிரூபிக்க முடியாது!"

கட்டின மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் பெருமையடிக்கிற விஷயமா இது?

வீட்டுக்கு வந்ததும் மேனேஜர் குழைந்தார். "உங்கப்பாவுக்கு ஒரு போன் போடேன்."

"எதுக்கு?"

"வரச்சொல்லத்தான். பாவம், தனியா இருக்காரே."

"வேண்டாங்க. வீடு சின்னது."

"சின்னதா? நாலு பேர் ஓடிப் பிடிச்சு விளையாடலாம்!"

"உங்க தலைமேல படுக்க வைக்கணுமே."

"ஆபீஸ் ரூமை ஒழிச்சுத் தர்றேன்டி!"

"குளியலறைத் தரை வழுக்குது. அவருக்கு ஆகாது."

"வழுக்காத டைல்ஸ் கடையிலயே இருக்கு. நானே ஒட்டறேன். போதுமா?"

"சுவத்துல பிடிச்சுக்கக் கம்பி?"

"போடறேன்!"

"அப்ப நீங்களே கூப்பிடுங்க. நான் கூப்பிட்டா வர மாட்டார். நீங்க முன்னே பேசின பேச்சு அப்படி."

மேனேஜரே போன் செய்தார்.

"மாப்பிள்ளை, உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?"

"தொந்தரவு குடுக்கத்தான் மாமா கூப்பிடறேன்! கிளம்பி வாங்க!"

மாமனார் வந்தார். ஒரு பெட்டி, ஒரு போர்வை, கண்டக்டர் வேலையில் ஊதித் தேய்த்த பழைய விசில். வந்த மறுநாளே வீட்டைப் பஸ்ஸாக்கிவிட்டார். ஒரு விசில் அடித்தால் மேனேஜர் நிற்க வேண்டும். இரண்டு விசில் அடித்தால் ஓடிவர வேண்டும். யாராவது நிலைப்படியில் நின்று பேசினால் "வழியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க" என்று விரட்டினார்.

மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தார். கடைக்குப் போகுமுன் மாமனாரைக் குளிப்பாட்டுவார். வந்ததும் கால் மடக்கி நீட்டும் பயிற்சி. பிறகு கையைப் பிடித்துத் தெருக்கோடி வரை நடை. ரத்த அழுத்தம் பார்க்க, நகம் வெட்ட, மாத்திரை எடுத்துத் தர, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற என்று எல்லாவற்றையும் மனைவிதான் சொல்லிக்கொடுத்தாள்.

"முதுகை வளைக்காதீங்க. முட்டியை மடக்கித் தூக்குங்க."

"இவர் கனம் என்ன, டைல்ஸ் பெட்டி கனம் என்ன! இவரே எழுந்திருச்சா என்ன?"

"அனுபவம் வேணும்னீங்களே?"

மகள் பத்தாவது படிக்கிறாள். வாய் அம்மாவுடையது. "அப்பா, கடையில இப்படி வேலை செஞ்சிருந்தா இந்நேரம் முதலாளி உன்னைப் பார்ட்னரா சேர்த்திருப்பார்" என்றாள். மேனேஜர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் ஏற்கனவே ஒரு கனத்த குளிர்கோட்டு வாங்கி, கொளுத்துகிற வெயிலில் கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்து, வேர்த்து விறுவிறுத்துக்கொண்டிருந்தார். கடையில் டைல்ஸ் கேட்டு வருகிறவர்களிடம், "இதெல்லாம் இங்கதான் விலை போகும்" என்று சொல்லித் துரத்தவும் ஆரம்பித்திருந்தார்.

மாமனாரோ பளிச்சென்று, தெளிவாய், கன்னம் உப்பி உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்து வந்த மனைவி, அப்பாவின் நகங்கள் ஒழுங்காக வெட்டியிருப்பதைப் பார்த்த அன்று சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள். சந்தோஷ அழுகைதான். அப்பா இனி எங்கேயும் தனியாக விழுந்து கிடக்கக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. மேனேஜர் வெங்காயம் என்று நினைத்துக்கொண்டார்.

ஆறு மாதம் முடிந்தது. வீடியோ பேட்டிக்கு நாள் வந்தது. மேனேஜர் மாமனார் காலடியில் உட்கார்ந்து பாடம் நடத்தினார்.

"மாமா, பாசம் கீசம்னு வாயைத் திறந்துடாதீங்க. குறை இருந்தா தாராளமா சொல்லுங்க. ஒரு வேலையாளைப் பத்திச் சொல்ற மாதிரி சொல்லணும்."

"குறைக்கா பஞ்சம்?" என்றார் மாமனார். "விடுங்க மாப்பிள்ளை, ஜமாய்ச்சுடறேன்."

திரையில் ஒரு ஆபீசர் அம்மா வந்தாள். மூக்குக்கண்ணாடி, கறாரான முகம். மேனேஜர் மாமனாரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றிக் காட்டினார். முதுகு வளையவில்லை, முட்டி மடங்கியது. அந்த அம்மாள் தலையாட்டினாள். பிறகு பெரியவரிடம் தனியாகப் பேச வேண்டும், விண்ணப்பதாரர் வெளியே போகலாம் என்றாள். பெரியவருக்கு ஆங்கிலம் தெரியாதே, வீட்டில் யாராவது மொழிபெயர்ப்பார்களா என்றும் கேட்டாள்.

"என் ஒய்ஃப் பண்ணுவா!" என்று மேனேஜரே முந்திக்கொண்டார்.

கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு நின்றார். மனைவியின் மெதுவான குரல் கேட்கவில்லை. ஓடுகிற பஸ்ஸில் கத்திப் பழகிய மாமனார் குரல் மட்டும் தெள்ளத் தெளிவாகக் கேட்டது. வெந்நீர் சரியில்லை, நகம் வெட்டத் தெரியவில்லை, நடக்கும்போது இழுத்துக்கொண்டு ஓடுகிறார், ஒன்று விடாமல் வாரு வாரு என்று வாரினார் மனுஷன். ஒவ்வொரு திட்டுக்கும் மேனேஜர் "சபாஷ்" என்று தொடையைத் தட்டினார். தன்னைக் காய்ச்சி எடுப்பதைக் கேட்டு இவ்வளவு பூரித்துப்போன மனுஷனை உலகம் கண்டிருக்காது.

மறுபடி உள்ளே கூப்பிட்டபோது ஆபீசர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். "கொடுத்துவைத்த குடும்பம்" என்றாள். மேனேஜர் தேங்க்யூ, தேங்க்யூ என்று குனிந்து குனிந்து நிமிர்ந்தார்.

அடுத்த வாரம் ஒரு விடுமுறை நாளில் ஆலோசகர் போன் செய்தார்.

"தள்ளிட்டாங்க சார்."

"தள்ளிட்டாங்களா? எதை?"

"உங்களைத்தான். நீங்க அந்தப் பெரியவரைப் பெத்த தகப்பன் மாதிரி பார்த்துக்கறீங்களாம். இது வேலை இல்லை, அன்புன்னு எழுதியிருக்காங்க. உங்களை அவர்கிட்டேயிருந்து பிரிக்கிறது பாவம்னு வேற ஒரு வரி சேர்த்திருக்காங்க."

மேனேஜர் சமையலறைக்கு ஓடினார்.

"உங்கப்பா பேட்டியில என்னடி சொன்னார்?"

"வெந்நீர் ஒரு நாள் கொதிக்குது, ஒரு நாள் ஜில்லுனு இருக்குன்னார்."

"கேட்டேன். அதை நீ எப்படிச் சொன்னே?"

"'என் உடம்பு சூடு என் மாப்பிள்ளைக்குத்தான் தெரியும்'னு சொன்னேன்."

"ஐயோ! நகம் வெட்டினா விரலே போயிடும் போல இருக்குன்னாரே?"

"'கையைப் பிடிச்சா விட மனசு வராது அவருக்கு'ன்னேன்."

"தெருவுல இழுத்துட்டு ஓடறான்னு கத்தினாரே!"

"'அவரோட நடந்தா எனக்கு வயசே தெரியலை'ன்னேன்."

"பாவி! ஏன்டி இப்படிப் பண்ணே?"

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வருத்தம்.

"என்னங்க இப்படிக் கேட்கறீங்க? முன்னே பின்னே தெரியாத ஒரு பொம்பளைகிட்டே கட்டின புருஷனை விட்டுக்கொடுக்கச் சொல்றீங்களா? எங்கப்பா பேசினதை அப்படியே சொல்லியிருந்தா உங்க மானம் கப்பலேறியிருக்குமே. எந்தப் பொண்டாட்டிங்க அதைச் செய்வா?"

உள்ளேயிருந்து இரண்டு விசில் கேட்டது. வெந்நீர் நேரம். மேனேஜரின் கால்கள் தாமாகவே போயின.

குளிப்பாட்டி முடித்துவிட்டு மறுபடி ஆலோசகருக்குப் போன் செய்தார். வயசு எல்லை தாண்டுமுன் இன்னும் ஒரே ஒரு தடவை விண்ணப்பிக்கலாமாம். ஆனால் இந்த மாமனார் செல்லாது, அவர்மேல் பாசம் என்று பதிவாகிவிட்டது. வேறு ஒரு பெரியவரை முதலிலிருந்து ஆறு மாதம் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

மேனேஜர் கூடத்தில் இடிந்துபோய் உட்கார்ந்தார். "இனிமே நான் வேற பெரியவருக்கு எங்கடி போவேன்?"

மனைவி டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள்.

"இதுக்குப் போய் ஏங்க மனசு உடைஞ்சு போறீங்க? எங்க பெரியப்பா ஒண்டிக்கட்டையா இருக்காரே."

"அவருக்கு என்னைக் கண்டாலே ஆகாதே!"

"அதனாலதாங்க அவரைச் சொல்றேன். பாசம்னு யாரு சொல்ல முடியும்? காலையிலயே ரயில் ஏறிட்டார். உங்க கட்டிலை அப்பா ரூம்ல அவருக்காகப் போட்டாச்சு. நீங்க கூடத்துல படுத்துக்குங்க."

"அப்ப பேட்டி?"

"அதுக்கு ஏன் கவலைப்படறீங்க? மொழிபெயர்க்க நான் இருக்கேன்ல?"