நாலும் நாலும் எட்டு என்று அந்தப் பெட்டிக்கு யார் சொல்வது?

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. ஆண்டவன் கருணையால் இங்கே எல்லோரும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் எப்படி என்று நீ கேட்காதே. கேட்கும் உரிமையை, போன மாதம் நீ எழுதி அனுப்பிய நாலு பக்க யோசனையோடு சேர்த்து இழந்துவிட்டாய். உன் மனைவியும் குழந்தைகளும் நலமாக இருக்க வேண்டும் என்று இன்று காலையும் விளக்கேற்றிக் கும்பிட்டேன். உனக்காகவும் கும்பிட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

கீழே போட்டோ ஸ்டுடியோவில் உன் அத்தானின் கம்ப்யூட்டர் நிறைந்து வழிகிறது, எடுத்த படத்தை வைக்க இடமில்லை என்று உன்னிடம் சொன்னது என் தப்புதான். "படத்தையெல்லாம் சேத்து வெக்க நாஸ் பெட்டின்னு ஒண்ணு இருக்கு, வாங்குங்க அக்கா, நெட் ஒயரை மாட்டிட்டா கீழேயிருந்தும் பாக்கலாம், மாடியிலிருந்தும் பாக்கலாம்" என்றாய். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதனால் நீ எழுதியதை பென்சிலால் அடிக்கோடு போட்டு மூன்று முறை படித்து, இரண்டு அறைப் பெட்டி, நாலு அறைப் பெட்டி என்று நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போனேன். கடைக்காரர் நாலு அறையையே என் தலையில் கட்டப் பார்த்தார். "நாளைக்கு பிசினஸ் வளரும்ல மேடம்" என்றார். "வளரட்டும், வளர்ந்தப்புறம் வாங்கிக்கறோம். பொறந்த குழந்தைக்கு இருபது வயசுச் சட்டையா தைப்பாங்க?" என்று கேட்டேன். இரண்டு அறையையே எடுத்து வைத்தார். அந்தச் சந்தோஷம் பில் போடும் வரைக்கும்தான். "டிஸ்க் எத்தனை டெரா போடட்டும்?" என்கிறார். உள்ளே இல்லையா என்றால், "இது காலிப் பெட்டிதான் மேடம், டிஸ்க் தனி" என்று சிரிக்கிறார்! நான் சும்மா விடுவேனா? விட்டிருக்க மாட்டேன், உன் அத்தான் குறுக்கே வந்து, "பீரோ வாங்கினா உள்ளே துணியும் வெச்சா தருவாங்க?" என்று, அத்தனை பேர் முன்னால், என்னைக் கேட்கிறார். "துணி வராது, தட்டு வருமில்ல?" என்றேன். இருந்தும் பணம் போனது போனதுதான். பெட்டி விலையை விட இரண்டு டிஸ்க்கின் விலை கூடுதல்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல நேரம் பார்த்து, சாமி அலமாரிக்குக் கீழ்த்தட்டில் அதை வைத்தேன். வீட்டிலேயே பத்திரமான இடம் அதுதானே. "டிஸ்க்குக்குப் புகை ஆகாது" என்று உன் அத்தான் தூக்கிக்கொண்டு போய் ஸ்டுடியோவில் பழைய ஸ்டூல் மேல் வைத்தார். சரி, அதையும் பொறுத்தேன். என் மூத்தவன் மாட்டி முடித்துத் திரையைக் காட்டினான். நாலு டெரா டிஸ்க் ஒன்று, இன்னொரு நாலு டெரா டிஸ்க் ஒன்று, ஆக எட்டு இருக்க வேண்டுமா இல்லையா? திரையில் இருந்தது மூன்று புள்ளி ஆறு! நாலுகூட இல்லை, தம்பி! உனக்குப் போன் போட்டால் நீ கொட்டாவி விட்டுக்கொண்டே, "அதுதான் அக்கா பாதுகாப்பு. ஒண்ணுல இருக்கறது அப்படியே இன்னொண்ணுல இருக்கும், கண்ணாடி மாதிரி" என்கிறாய். கண்ணாடி முன்னால் ஒரு வளையலைக் காட்டினால் இரண்டு வளையல் ஆகிவிடுமா? கண்ணாடியில் தெரிவதற்கு எவளாவது விலை கொடுப்பாளா? இதை அன்றே கேட்டிருப்பேன், நீ "மீட்டிங்" என்று வைத்துவிட்டாய்.

இதற்கிடையில் உன் அத்தான் பள்ளிக்கூட வேலையை முடித்து வந்தார். அறுநூற்று நாற்பது பிள்ளைகள், அடையாள அட்டைக்குத் தனித்தனிப் படம், அது போக வகுப்புக்கு ஒன்றாகப் பதினாறு குரூப் போட்டோ. இரண்டு நாள் வெயிலில் நின்று எடுத்ததில் அவர் முகமே நெகட்டிவ் மாதிரி ஆகிவிட்டது. எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டுவிட்டு, மறுநாள் ஒரு கல்யாணம் இருந்ததால் கேமரா கார்டில் இருந்ததை அழித்துக் காலியாக்கிவிட்டார். ஏழு வருஷமாக அந்தப் பள்ளிக்கூடம்தான் எங்களுக்கு நிற்கிற தூண். அதன் எதிரிலேயே புதிதாக ஒரு ஸ்டுடியோக்காரன் பளபளவென்று போர்டு வைத்து உட்கார்ந்திருக்கிறான், நாங்கள் எப்போது சறுக்குவோம் என்று.

அவர் கல்யாணத்துக்குப் போன அன்று மூத்தவனைக் கூப்பிட்டு, "அந்த எட்டை எட்டா ஆக்கிக் குடுடா" என்று சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன், மறைக்கவில்லை. இரண்டு டிஸ்க்கையும் சேர்த்து ஒன்றாக்கும் வழி பெட்டியிலேயே இருக்கிறதாம். இருக்கிறது என்றால் எதற்காக வைத்தார்கள்? அவன் ஏதோ அமுக்கிவிட்டு, "அம்மா, எல்லாம் அழியும், பரவாயில்லையான்னு கேக்குது" என்றான். "எந்த மெஷின்தான் பயமுறுத்தல? வாஷிங் மெஷின்கூட துணி போடறதுக்கு முன்னாடி நாலு தடவை கத்துது. பழைய நாலு அழிஞ்சாத்தான்டா புது எட்டு வரும்" என்றேன். "மாமாவை ஒரு வார்த்தை கேட்டுடலாம்மா" என்றான். "உங்க மாமா மீட்டிங்ல இருப்பான், அமுக்குடா" என்றேன். அமுக்கினான். ஏழு புள்ளி இரண்டு வந்தது. எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்கிறாய்!

அடுத்த நாள் காலை பிரிண்ட் போட உட்கார்ந்தவர், "பள்ளிக்கூட போல்டர் எங்கே?" என்றார். அறுநூற்று நாற்பது முகத்தில் ஒரு மூக்குகூட மிஞ்சவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன், நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மனுஷர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அழிந்ததை மீட்டுத் தருகிறேன் என்று போர்டு போட்டிருந்தவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் மூன்று நாள் வைத்திருந்து, "வாய்ப்பில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நாளைக் காலை உன் அத்தான் தலைமை ஆசிரியை முன்னால் போய் நிற்க வேண்டும். அந்த அம்மா சிரித்து ஊரில் யாரும் பார்த்ததில்லை.

இப்போது சொல், இதற்கெல்லாம் யார் காரணம்? நாலு பக்கம் எழுதத் தெரிந்தவனுக்கு, "அக்கா, அதில் கை வைக்காதீங்க" என்று நாலு வார்த்தை எழுதத் தெரியவில்லை. என் குணம் உனக்குத் தெரியாதா? கூடப் பிறந்தவன்தானே? வருகிற சனிக்கிழமை நீயே வந்து பெட்டியை, டிஸ்க்கை, ஒயரை, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போ. அது இனி என் கண்ணில் படக்கூடாது.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு என் முத்தம். ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளையும், அக்கா கேட்கும்போது பதில் சொல்லப் பொறுமையையும் கொடுக்கட்டும்.

கோபம் தீராத,
உன் அக்கா

பின்குறிப்பு: நேற்றே ஒட்டியிருந்தேன், பிரித்து எழுதுகிறேன். உன் அத்தான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டார். பிந்தி வந்த பையனை நிறுத்துவது போல அரை மணி நேரம் வாசலிலேயே நிற்க வைத்தாளாம் அந்த அம்மா. கடைசியில் வியாழன், வெள்ளி இரண்டு நாள் கொடுத்திருக்கிறாள். காசில்லாமல் மறுபடி எடுக்க வேண்டும், இதுவும் போனால் எதிர்க்கடைதான். வந்தவர் தண்ணீர் குடித்துவிட்டு, "இந்தத் தடவை கார்டை உன் கையில தர்றேன், நீயே வெச்சுக்க" என்றார். யார் கையில் தருகிறார் பார், தம்பி. அதிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வருஷமாக என் கணக்கு நோட்டை இரண்டாக எழுதி, ஒன்றை அடுத்த தெரு நாத்தனார் வீட்டில் வைக்கிறவள் நான். வீடு எரிந்தாலும் கணக்கு தப்புமே என்று. நோட்டுக்குத் தெரிந்த புத்தி படத்துக்கு வரவில்லை. அதனால் மேலே எழுதியதை எழுதாததாக வைத்துக்கொள். சனிக்கிழமை வேண்டாம், புதன்கிழமையே வா. வரும்போது அதே மாதிரி இன்னொரு பெட்டி, டிஸ்க்கோடு, வாங்கி வா, நாத்தனார் வீட்டுக்கு. இங்கே இருப்பதையும் பழையபடி கண்ணாடியாக்கிவிடு. நாலு டிஸ்க், பதினாறு டெரா, கையில் நிற்பது மூன்று புள்ளி ஆறு. நோட்டில் அப்படியே எழுதிவிட்டேன். இரண்டு நோட்டிலும்.